மூன்று படி ஏறிய வீடு, ஒரு படி இறங்கிய கதை



"வீட்டு வேலை முடிஞ்சுதா சார்?" என்று இந்த மாதத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். "இல்லை" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். கேட்டது ஒரு வரலாற்று வாத்தியாரிடம். அதனால் காப்பி ஏதாவது எடுத்துக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே வீடு இல்லை, மூன்று வீடு. முன்னறையும் திண்ணையும் தாத்தா சுதந்திரத்துக்கு முன்னால் கட்டியது. நடுவில் உள்ள கூடம் அப்பா 1974இல் கட்டியது. பின்னால் சமையலறையும் குளியலறையும் 1991இல் நான் கட்டியது. மூன்றும் வேறு வேறு சரக்கு. இப்போது மராமத்து என்று கையை வைத்தபோது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற ஒவ்வொரு கேள்வியும் ஒரு பழைய சங்கதியில் போய் முட்டியது. எங்கள் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை அது. பாடி, கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி வரை உள்ள பல வீடுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் தெரு. எங்கள் வீட்டுக்குள் வர ஒரு காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். இன்று ஒரு படி இறங்க வேண்டும். வீடு புதையவில்லை. தெருதான் வளர்ந்திருக்கிறது. மண் தெருவாக இருந்தது, அதன் மேல் கப்பி போட்டார்கள், கப்பிக்கு மேல் தார், தாருக்கு மேல் தார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் புதியதைப் போட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். எங்கள் வாசலில் நூல் பிடித்து அளந்ததில் மொத்தம் இரண்டேகால் அடி. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்து மூலமாகவே உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் அதற்குள் எங்கள் தெருவில் திண்ணைகள் காலடிக்கு வந்துவிட்டன.

மழை என்று வந்தால் இதன் பொருள் என்ன என்பது உங்களுக்கே தெரியும். நம் பக்கத்து ஏரிகள் தனித்தனி ஏரிகள் இல்லை. ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழியும் சங்கிலி அது. அந்தச் சங்கிலியின் நடுவில்தான் நாம் நகர்களும் அவென்யூக்களும் போட்டுக் குடியிருக்கிறோம். 2015 டிசம்பரில் கணுக்கால் அளவுத் தண்ணீர் வந்து போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றதைப் பார்த்தீர்கள். அன்று எங்கள் கூடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். உங்கள் டீச்சரம்மா கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு, "இந்த வீட்டை ஒண்ணு தூக்குங்க, இல்ல என்னைத் தூக்கிட்டுப் போங்க" என்றார். முட்டி வலிக்காரர் சொன்னது, தட்ட முடியவில்லை.

தூக்குவது என்பது இப்போது சும்மா பேச்சு இல்லை. சுவரைச் சுற்றித் தோண்டி, அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஜாக்கிகளைச் செருகி, இரும்பு சேனல் கொடுத்து, எல்லா ஜாக்கியையும் ஒரே கணக்கில் சில திருகு திருகி வீட்டையே மேலே ஏற்றி, கீழே புதுச் செங்கல் கட்டுகிறார்கள். சென்னையில் பல வீடுகளுக்கு இது நடந்திருக்கிறது. எங்கள் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கூடத்தையும் சமையலறையையும் வேண்டுமானால் தூக்கலாம், முன்னறையைத் தொட வேண்டாம் என்றார். அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், அடியில் கான்கிரீட் பெல்ட் கிடையாது, மேலே கூரையின் பாரம் அதிகம். மூன்று வயதுள்ள மூன்று கட்டடங்களை ஒரே மட்டத்தில் தூக்குவது அபாயம் என்பது அவர் முடிவு.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது மகனின் யோசனை. அதற்கான பணம் எங்களிடம் இல்லை, சரியாகச் சொன்னால் மனமும் இல்லை. மிச்சம் இருப்பது தரையை நிரவி உயர்த்துவது.

தரையை இரண்டேகால் அடி உயர்த்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஏழடிக் கதவு நாலேமுக்கால் அடியாகும். மூன்றடி உயரத்தில் இருக்கும் ஜன்னல் தரையிலிருந்து முக்கால் அடிக்கு வந்துவிடும். சமையல் மேடை மணைக்கட்டை உயரத்துக்கு இறங்கும். ஸ்விட்ச் பெட்டி குழந்தைக் கைக்கு எட்டும். ஆக, தரை மட்டும் உயராது, வீடு முழுவதும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். அப்புறம் கூரை. கூடத்தின் உயரம் பத்தடி. நிரவினால் ஏழேமுக்கால். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடியாவது வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சமையலறைக்கும் அதே கதி. தாத்தாவின் முன்னறை மட்டும் பன்னிரண்டு அடி. இரண்டேகால் போனாலும் ஒன்பதே முக்கால் மிஞ்சும்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றில் வயதான கட்டடத்துக்குத்தான் மண்ணை வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது.

அந்தக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்று நம் ஊர்ப் பெயரோடு வழங்கும் கூரை அது. தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள். அந்தக் கட்டைகளின் மேல் சின்னச் சின்னச் செங்கல். சாதாரணச் செங்கல் இல்லை, அரை அடி நீளம், கால் அடி அகலம், ஓர் அங்குலம் கனம். அதைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, கட்டைக்குக் கோணலாக, சுண்ணாம்புக் காரையில் வரிசை வரிசையாகப் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காய் ஊறிய வெல்லத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். வரிசையாக உட்கார்ந்து தட்டுவது பெரும்பாலும் பெண்கள். கட்டை எகிறி வரும் அளவுக்கு இறுகிய பிறகு மேலே தட்டோடு. மே மாதத்தில் அந்த அறைக்குள் நுழைந்தவர்கள், "உள்ளே ஏசி ஓடுதா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு அடி உயரமும் அந்தக் கனமான கூரையும் சேர்ந்து செய்த வேலை அது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? நம் கடற்கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமே இல்லை. பழவேற்காடு ஏரிப் பக்கம் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி எடுத்த சுண்ணாம்பு வெண்மைக்குப் பேர் போனது. அதை அரைத்து, பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல் போல மின்னும். 'மெட்ராஸ் சுன்னம்' என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதி வைத்தது இதைத்தான். அதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னச் செய்தி உண்டு. இந்தியாவில் முதன்முதலாக சிமெண்ட் செய்து பார்த்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. 1904இல் இங்கே ஒரு கம்பெனி கடல் கிளிஞ்சலை வைத்தே சிமெண்ட் செய்ய முயன்றது. ஓடவில்லை. 1914இல் போர்பந்தர் ஆலைதான் நிலைத்தது. அதே கிளிஞ்சல் சுண்ணாம்பாக வெற்றி பெற்று சிமெண்டாகத் தோற்றது.

முன்னறையில் இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, இரண்டு குறுக்குக் கட்டைகளின் சுவருக்குள் போகும் நுனி மக்கியிருந்தது. மழை ஒழுகி அந்த நுனியில்தான் முதலில் சேரும். மெட்ராஸ் டெரஸ் எப்போதும் நடுவில் சாகாது, ஓரத்தில்தான் சாகும். மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஏற்கெனவே தள்ளாடும் கட்டைக்கு மேலே இன்னும் பாரமா? மக்கிய நுனியை வெட்டிவிட்டு, பழைய கட்டடச் சாமான் கடையில் வாங்கிய தேக்கை ஒட்டுக் கொடுத்து, அடியில் ஒரு இரும்பு உத்தரம் தாங்கலாக வைத்திருக்கிறோம். பார்க்க அழகாக இல்லை. ஆனால் அறை நிற்கிறது.

இரண்டாவது சுவர். கீழே மூன்றடிக்கு எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள், அந்த மூன்றடிக்கு மேல்தான் சுவர் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. நம் பக்கத்து வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வழியிலேயே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடும். அடைத்த இடத்தைத் தாண்டி ஏறி, கிடைத்த இடத்தில் உப்பைக் கக்கும். பெயிண்டர் வந்து இன்னும் நல்ல பெயிண்டாக அடியுங்கள் என்பார், அது மூன்றாவது அடைப்பு. எங்கள் மேஸ்திரி இளைஞர்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, இரண்டு மாதம் சுவரைச் சும்மா காய விடுங்கள் என்றார். வீட்டு வேலை முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துச் சிதைந்தது நினைவிருக்கும். பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கொண்டே சரிசெய்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று உட்கார்ந்திருப்பது அந்தக் கட்டடத்தில்தான்.

உடனே, "சார் பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வர்றார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்பாவின் கூடத்துக்கு வருகிறேன்.

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே ஆண்டு பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை நம் ஊர்கள் வழியாகத்தான் போனது, ஆனால் அதன் பிறகும் நூறு ஆண்டுக்கு இவை வயல்களும் ஏரிகளுமாகத்தான் கிடந்தன. பதினைந்தே ஆண்டில் அந்த வயல்களின் நடுவே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் வீடு வேண்டும்.

ஆலை வந்த வேகத்தில் சிமெண்ட் வரவில்லை. மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து என்று தமிழ்நாட்டில் ஆலைகள் இருந்தும், விலையும் விநியோகமும் அரசின் கையில். நடுவில் கொஞ்ச காலம் தவிர, விண்ணப்பம் போட்டு, காத்திருந்து, பர்மிட் வாங்கித்தான் சிமெண்ட் எடுக்க வேண்டும். அணைக்கும் ஆலைக்கும் போனது போக மிச்சம்தான் வீட்டுக்கு. மகாராஷ்டிரத்தில் ஏ.ஆர்.அந்துலே 1982 ஜனவரியில் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியதே சிமெண்ட் ஒதுக்கீடு தொடர்பான வழக்கில்தான் என்றால் அந்தச் சாம்பல் நிறத் தூளுக்கு இருந்த கிராக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே ஒரு பகுதி சிமெண்டை வெளிச்சந்தையில் விற்க மத்திய அரசு அனுமதித்தது. முழுக் கட்டுப்பாடும் போனது 1989 மார்ச்சில்.

அப்பா கட்டியது அந்தக் கட்டுப்பாட்டின் நடுவில். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பர்மிட் காகிதம் இன்னும் இருக்கிறது, இருபது மூட்டைக்கு. அன்று சிமெண்ட் சணல் சாக்கில் வரும். காலியான சாக்கை உதறித் துவைத்து வாசலில் மிதியடியாகப் போடுவோம். இருபது மூட்டையில் கூடத்துக் கூரை முடியாது. எப்படியோ முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்பதைத்தான் இப்போது கூரை சொல்கிறது. சிமெண்ட் குறைவு, மணல் கூட, தண்ணீர் அதைவிடக் கூட. கம்பிக்குக் கீழே மூடியிருக்கும் கான்கிரீட் விரல் கனம்கூட இல்லை. ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தது, துரு ஏறிய கம்பி பருத்தது, பருத்த கம்பி கான்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தள்ளிவிட்டது. பொறியாளர் சுத்தியலால் தட்டினார், தட்டிய இடமெல்லாம் பொள்ளல் சத்தம். இறக்கிவிட வேண்டியதுதான் என்றார்.

எண்பது வயது நெருங்கும் முன்னறை நிற்க, ஐம்பது வயதுக் கூடம் விழுகிறது. இதைக் கேட்ட ஒரு உறவினர், "அந்தக் காலத்து மனுஷங்க மாதிரி வருமா" என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தாத்தா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. அறை ஒன்றுதான், ஆனால் தேக்கு வாங்க அவரால் முடிந்தது. அப்பா சைக்கிள் கம்பெனியில் ஃபிட்டர். ஐந்து பிள்ளைகள். தேக்கு விலைக்கு அவரால் பத்தடி உத்தரம் ஒன்று வாங்கியிருக்க முடியாது. மெட்ராஸ் டெரஸ் அறை உத்தரத்தின் நீளத்தைத் தாண்டி அகலமாகாது. கம்பியும் கான்கிரீட்டும்தான் ஒரு ஃபிட்டருக்குத் தூணில்லாத பெரிய கூடத்தைக் கொடுத்தது. அந்தக் கூடத்தில் மூன்று கல்யாணம் நடந்திருக்கிறது. உங்களில் சிலர் பத்தாம் வகுப்புக்கு அங்கே உட்கார்ந்துதான் படித்தீர்கள். பர்மிட் சிமெண்ட் அதற்கு ஐம்பது ஆண்டு தாங்கியது போதும்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வீடு வளர்வதை அரசாங்கமே பின்னால் ஒரு திட்டமாக ஏற்றுக்கொண்டது. உலக வங்கி உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் பக்கமும், பிறகு முகப்பேரிலும் மனை பிரித்து, சாலை, தண்ணீர், கழிப்பறை வசதி மட்டும் செய்து கொடுத்து, மிச்சத்தை உங்கள் வசதிப்படி கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். முகப்பேரில் குடியிருக்கும் மாணவர்கள் தங்கள் வீட்டின் மிகப் பழைய சுவர் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது கழிப்பறைச் சுவராக இருக்கும்.

தரை விஷயத்துக்கு வருவோம். சண்டை நடந்தது இதில்தான்.

முன்னறைத் தரை சிவப்பு ஆக்சைடு. சிமெண்டில் காவித்தூள் கலந்து, மேஸ்திரி முழங்காலிட்டுக் கரணையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். கூடத்துத் தரை மொசைக். இத்தாலியில், வெனிஸ் பக்கம், சலவைக்கல் பட்டறையில் விழும் சில்லுகளை வீணாக்காமல் காரையில் பதித்துத் தேய்த்த வேலைக்காரர்களின் கண்டுபிடிப்பு அது. டெர்ராசோ என்பார்கள். நம் ஊருக்கு வந்து மொசைக் ஆயிற்று. சில்லு கலந்த சிமெண்டைப் பரப்பி, இறுகியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெஷின் வைத்து நாள் கணக்கில் அரைப்பார்கள். வெள்ளைச் சேறு தெரு வரை ஓடும். அந்தச் சத்தத்தில் நான் பி.ஏ. பரீட்சைக்குப் படித்தேன். பச்சையும் வெள்ளையும் சில்லு, ஓரத்தில் கறுப்புப் பட்டை. ஐம்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை.

இப்போது கடைகளில் கிடைப்பது எல்லாம் விட்ரிஃபைட் டைல்ஸ், பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியில் செய்தது. அந்த மோர்பி முன்பு சுவர்க் கடிகாரத்துக்கும் மங்களூர் மாதிரி கூரை ஓட்டுக்கும் பெயர் போன ஊர். மங்களூர் ஓட்டையோ 1865இல் பாசல் மிஷன் ஜெர்மானியப் பாதிரிமார் அங்கே ஆலை வைத்துத் தொடங்கினார்கள். ஜெர்மானியர் மங்களூருக்குக் கொடுத்ததை மோர்பி கற்றுக்கொண்டு, இன்று நம் காலுக்குக் கீழே வந்திருக்கிறது.

மருமகளுக்கு ஆத்தங்குடிக் கல் மேல் ஆசை. கண்ணாடியில் வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் அந்தச் செட்டிநாட்டுக் கல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது புழங்கப் புழங்கத்தான் மெருகேறும், கறையை எளிதில் குடித்துவிடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் ஆகாது. மகனுக்குக் கண்ணாடி போன்ற பளபள டைல்ஸ் வேண்டும். உங்கள் டீச்சரம்மா இரண்டு மாதிரிக் கல்லையும் தரையில் வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, மகனை ஈரக் காலோடு நடக்கச் சொன்னார். விவாதம் அதோடு முடிந்தது. வீடு முழுவதும் சொரசொரப்பான மேட் டைல்ஸ், முன்னறையில் மட்டும் ஆத்தங்குடி.

மொசைக்கை என்ன செய்வது? பெயர்த்தெடுத்து வேறு இடத்தில் பதிக்க அது கல் இல்லை, ஒரே படலம். உடைத்தால் குப்பை. உடைக்க வேண்டாம், அப்படியே மேலே கிராவலைக் கொட்டி நிரவுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஈரம் அடியில் தேங்காதா என்று மேஸ்திரி கேட்டார், நியாயமான கேள்வி. ஓரங்களில் மட்டும் துளை போட்டு விட்டிருக்கிறோம். நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே கீழடுக்கில் கிடைத்தவற்றின் வயது பதினைந்து லட்சம் ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எப்போதோ ஒருவர் எங்கள் வீட்டைத் தோண்டினால் பச்சைச் சில்லு மொசைக்கும் அதற்கு மேல் மோர்பியும் வரிசையாகக் கிடைக்கும். பேரன் ஒரு 2024ஆம் வருஷத்து நாணயத்தைக் கிராவலுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறான். காலக்கணிப்புக்கு உதவுமாம்.

எவ்வளவு உயர்த்துவது என்பதிலும் ஒரு இழுபறி. இரண்டேகால் அடி உயர்த்தினால் பழையபடி மூன்று படி. மூன்றடி உயர்த்தினால் இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார் பொறியாளர், ஆனால் முன்னறை ஒன்பதடியாகிவிடும். உண்மையில் இது கட்டடக் கணக்கே இல்லை. இனிமேல் சாலை போடும்போது சுரண்டிவிட்டுப் போடுவார்களா என்பதில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்கிற கணக்கு. இரண்டேகாலில் நிறுத்தியிருக்கிறேன்.

சமையலறையில் அதிக யோசனை இல்லை. உட்கார்ந்து விறகடுப்பு ஊதிய பாட்டிக்கு மேடை கிடையாது. காஸ் அடுப்பு வந்த பிறகுதான் பெண்கள் நின்று சமைத்தார்கள், மேடையும் கடப்பாக் கல் அலமாரியும் அதன் பின்னால் வந்தவை. பழைய கடப்பாப் பலகைகள் எல்லாமே நன்றாக இருந்தன, கழுவி மறுபடியும் வைத்தாயிற்று. மேடையின் உயரத்தை மட்டும், இந்த முறை, சமைப்பவர்களை நிற்க வைத்து அளந்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொல்லைச் சுவரில், தரையோடு ஒட்டி, ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். தாத்தா காலத்தில் கழிப்பறை அங்கேதான். வெளியே பின்சந்து வழியாக ஒருவர் வந்து, அந்தக் கதவைத் திறந்து, கையால் அள்ளி, கூடையில் தலையில் சுமந்து போவார். அவர் தெரு வழியாக வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சந்தே. உலர் கழிப்பறையைத் தடை செய்யும் சட்டம் வந்தது 1993இல், இன்னும் கடுமையான சட்டம் 2013இல். எங்கள் வீட்டில் அதற்கு வெகு முன்பே செப்டிக் டேங்க் வந்துவிட்டது, கதவு மட்டும் துருப்பிடித்து நின்றது. வேலைக்கு வந்த உள் அலங்கார நிபுணர் அதைப் பார்த்து, "வின்டேஜ் பீஸ் சார், எடுத்துப் பாலிஷ் பண்ணி ஹால்ல மாட்டலாம்" என்றார். அவர் தெரியாமல் சொன்னார், அவர் மேல் குற்றமில்லை. உட்கார வைத்து அது என்ன கதவு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நிலைக்கதவையும், பித்தளைத் தாழ்ப்பாளையும், உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சல் கொக்கியையும் எடுத்து மெருகேற்றி வைத்துக்கொண்டோம். அந்த இரும்புக் கதவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. பேரனுக்கு மட்டும் அடைப்பதற்கு முன்னால் காட்டிச் சொன்னேன்.

திண்ணை இரண்டில் ஒன்று போய்விட்டது. தரை உயர்ந்ததில் பழைய திண்ணைகள் இரண்டுமே அடியில் போய்விட, வலப்புறம் மட்டும் புதிதாக ஒன்று எழுப்பியிருக்கிறோம். இடப்புறம் சாய்வுப் பாதை, கைப்பிடியோடு. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் ஏறும். திண்ணை போனதே என்று வருத்தப்பட்ட தங்கைக்கு ஒன்று சொல்கிறேன்: திண்ணை யாரோ ஒருவர் உட்காருவதற்காக, சாய்வுப் பாதையும் அதற்காகத்தான்.

வண்ணம் இன்னும் முடிவாகவில்லை. சுண்ணாம்பில் நீலம் கலந்து பொங்கலுக்குப் பொங்கல் அடித்த காலமும், ஸ்னோசெம் காலமும், ஆர்.கே.லக்ஷ்மண் 1954இல் வரைந்த அந்தக் குறும்புக்காரப் பையன் கட்டு பெயிண்ட் டப்பாவோடு சிரித்த காலமும் போய், செல்போனில் ஆயிரம் நிறம் காட்டுகிறார்கள். மகனுக்குச் சாம்பல் நிறம். முன்னறைக்கு அது நடக்காது, சுண்ணாம்புப் பூச்சின் மேல் சுண்ணாம்புதான். கூடத்துக்கு அவர்கள் இஷ்டம். அங்கே வாழப்போவது அவர்கள்தான்.

இனி உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வாத்தியார் கொடுக்காமல் விடுவாரா? உங்கள் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம், ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று அளந்து, ஊர்ப் பெயரும் வீடு கட்டிய ஆண்டும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். பெரியவர்களின் பெட்டியில் சிமெண்ட் பர்மிட் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். கூடத்துக் கூரைக்கு வரும் வியாழக்கிழமை கான்கிரீட். அன்றைக்கு மட்டும் மழை வராமல் இருக்க வேண்டும்.